80 பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் பாதுகாப்பை எப்படிக் கண்காணிப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம். 80 பேர், 14 பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் மெஷின்), ஒரு சின்ன பெயின்ட் பூத், கம்ப்ரசர், ஃபோர்க்லிஃப்ட். பொருள் வாங்கும் பெரிய கம்பெனியின் ஆடிட்டர் வந்து “பாதுகாப்பைக் கண்காணிக்க என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி அந்த வேலையை எச்.ஆர். பிரிவில் இருக்கும் ஒருவர் தலையில் கட்டிவிட்டார். அவர் கேட்கிறார்: “இரண்டு வருடமாக எங்களிடம் விபத்தே இல்லை. இதில் எதைக் கண்காணிப்பது? சேஃப்டி ஆபீசர் ஒருவரை வைத்தே ஆக வேண்டுமா?”

சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், அது சின்னது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக 1,000 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்குத்தான் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 500 பேருக்கும், அபாயகரமான செய்முறை உள்ள இடத்தில் 250 பேருக்கும் இறக்கியிருக்கிறது. ஆக, 80 பேருக்கு ஆபீசர் கட்டாயமில்லை. ஆனால் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பு எத்தனை பேர் இருந்தாலும் முதலாளியுடையதுதான். கண்காணிப்பு வேலையை உங்களிடம் கொடுக்கலாம், பொறுப்பை உங்களிடம் தள்ள முடியாது. இதை அவரிடம் பக்குவமாக, ஆனால் இப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் ஒரு லைட் கர்ட்டனுக்கு (கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை) பணம் கேட்கும்போது உதவும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். “இரண்டு வருடமாக விபத்தே இல்லை” என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கணக்கு போட்டுப் பாருங்கள். 80 பேர், வாரம் 48 மணி நேரம், வருடத்துக்கு 50 வாரம் என்றால் மொத்தம் 1,92,000 மனித மணி நேரம். விபத்து விகிதத்தை இந்தியத் தர நிறுவனத்தின் முறைப்படி 10 லட்சம் மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். ஒரு வருடத்தில் ஒரே ஒருவருக்கு அடிபட்டு விடுப்பு எடுத்தால் உங்கள் விகிதம் 5.2. யாருக்கும் படவில்லை என்றால் 0. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. இந்த வருடம் 0, அடுத்த வருடம் 5.2 என்றால் ஆலை கெட்டுவிட்டது என்றும் அர்த்தமில்லை, முதல் வருடம் நன்றாக இருந்தது என்றும் அர்த்தமில்லை. வண்டி இதுவரை எதிலும் இடிக்கவில்லை என்பதை வைத்து பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் இது.

பெரிய கம்பெனிகளும் இதில் விழுந்திருக்கின்றன. மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸன் எண்ணெய்த் துரப்பண மேடை 2010 ஏப்ரல் 20 இரவு வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்றைக்கு எண்ணெய்க் கம்பெனியான பிபி, மேடையின் சொந்தக்காரரான டிரான்ஸ்ஓஷன் இரண்டின் மேலதிகாரிகளும் அந்த மேடையில்தான் இருந்தார்கள். ஏழு வருடம் வேலைநாள் இழப்பு விபத்து இல்லாமல் ஓட்டியதற்காக ஊழியர்களைப் பாராட்டுவதும் அவர்கள் வந்த காரியங்களில் ஒன்று. அந்த ஏழு வருடக் கணக்கில் பொய் இல்லை. வழுக்கி விழுவது, விரல் நசுங்குவது போன்றவற்றை அது எண்ணியது. கிணற்றின் அழுத்தச் சோதனை காட்டியதை அன்று சரியாகப் படித்தார்களா என்று சொல்லும் இடம் அந்தக் கணக்கில் இல்லை. அதே பிபி கம்பெனியின் டெக்ஸாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை 2005-இல் வெடித்து 15 பேர் இறந்த பிறகு அமைத்த விசாரணைக் குழு, தனிநபர் காய விகிதத்தைப் பார்த்துக்கொண்டு ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துவிட்டார்கள் என்று 2007-லேயே எழுதிக் கொடுத்திருந்தது.

இன்னொரு தொல்லை. எண்ணிக்கையைப் பாராட்ட ஆரம்பித்தால் எண்ணிக்கை குறையும், காயம் குறையாது. கேட் பக்கத்தில் “விபத்தில்லா நாட்கள்” போர்டு, அதற்கொரு பரிசு என்று வைத்துவிட்டால், விரலில் அடிபட்டவரை சூப்பர்வைசரே பைக்கில் ஏற்றிப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் தையல் போட்டுக் கூட்டி வந்துவிடுவார். “நாளைக்கு ஆபீஸில் உட்கார்ந்துக்கோ, லீவு வேண்டாம்” என்பார்கள். பதிவில் ஒன்றும் வராது. இதில் தொழிலாளிக்கு நேரடி நஷ்டம் உண்டு. ஈ.எஸ்.ஐ.க்கு 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை போயிருந்தால்தான் சம்பளத்தில் 90 சதவீதத் தற்காலிக ஊனப் பலனும், விரலே போயிருந்தால் நிரந்தர ஊனப் பலனும் சிக்கலில்லாமல் கிடைக்கும். ஆகவே உங்கள் முதல் வேலை முதலுதவிப் பதிவேட்டையும் மருந்துப் பெட்டியில் கட்டுத்துணி தீரும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பதிவேட்டில் மூன்று பேர், பெட்டியில் பத்து ரோல் காலி என்றால் உங்களுக்கு எல்லாத் தகவலும் வந்து சேரவில்லை.

சரி, விபத்தை எண்ணுவது உதவாது என்றால் எதைத்தான் பார்ப்பது? ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது அல்லவா, அது இன்றைக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முதலில் உங்கள் ஆலையில் ஆளைக் கொல்லக்கூடியது, உறுப்பை எடுக்கக்கூடியது எது என்று தெரிய வேண்டும். உங்கள் விவரத்தை வைத்துச் சொன்னால் பிரஸ், கரன்ட், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்ரசர் டேங்க், பெயின்ட் பூத்தில் தின்னர் ஆவி, கூரை மேல் ஏறுவது, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது. ஏழெட்டுக்கு மேல் போகாது. ஆடிட்டர் கொடுக்கும் 150 கேள்விப் பட்டியலில் இவை ஏழும் “கழிவறை சுத்தமாக உள்ளதா”, “போஸ்டர் ஒட்டப்பட்டுள்ளதா” என்பவற்றோடு ஒரே எடையில் கலந்து கிடக்கும். அந்தப் பட்டியலை நிரப்புங்கள், தப்பில்லை. உங்கள் நேரத்தின் பெரும்பகுதி இந்த ஏழில் இருக்கட்டும்.

பிரஸ்ஸைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், விரல் போகும் இடம் அதுதான்.

14 பிரஸ்ஸும் ஒரே வகையா என்று முதலில் பாருங்கள். பழைய மெக்கானிக்கல் பிரஸ்ஸில் கீ கிளட்ச் இருக்கும். பெடலை மிதித்துவிட்டால் ராம் (இறங்கி அடிக்கும் பாகம்) முழுச் சுற்று சுற்றி மேலே வந்துதான் நிற்கும், நடுவில் நிறுத்தவே முடியாது. அந்த வகை பிரஸ்ஸில் லட்ச ரூபாய் செலவு செய்து லைட் கர்ட்டன் மாட்டினாலும் பயனில்லை. கை உள்ளே போனதை சென்சார் பார்க்கும், ஆனால் ராமை நிறுத்த அதனால் முடியாது. மாட்டியிருக்கிறோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும், அது இன்னும் ஆபத்து. அங்கே டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) சுற்றி விரல் நுழையாத நிலையான கார்டு, அதாவது பாதுகாப்புத் தடுப்பு, வேண்டும், அல்லது கார்டு மூடினால்தான் கிளட்ச் விழும் அமைப்பு வேண்டும். கீயும் ஸ்பிரிங்கும் தேய்ந்தால், ஒரு மிதிக்கு ராம் இரண்டு தடவை இறங்கும். முதல் ஸ்ட்ரோக் முடிந்ததென்று கையை விட்டவருக்கு இரண்டாவது ஸ்ட்ரோக் விழும். ஆகவே அந்த பிரஸ்ஸில் கண்காணிக்க வேண்டியது ஸ்பிரிங், கீ, பிரேக் லைனிங் இவற்றின் நிலை. “நேத்து ஒரு தடவை தானா அடிச்சுது” என்று ஆபரேட்டர் சொன்னால் அதே நிமிடம் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துப் பூட்டுங்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமாட்டிக் கிளட்ச் உள்ள பிரஸ் நடுவில் நிற்கும், அங்கே லைட் கர்ட்டன் அர்த்தமுள்ளது. ஆனால் எவ்வளவு தூரத்தில் மாட்டியிருக்கிறார்கள்? இவ்வளவு கிட்டத்தில் மனிதக் கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துத்தான் சர்வதேசத் தரத்தில் கணக்கிடுவார்கள். பிரஸ் நிற்க கால் வினாடி ஆகிறது என்றால் கர்ட்டன் டையிலிருந்து குறைந்தது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், கர்ட்டனின் வகையைப் பொறுத்து இன்னும் கூட. பிரேக் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். மாட்டிய அன்று சரியாக இருந்த தூரம் இரண்டு வருடத்தில் போதாமல் போயிருக்கலாம், சென்சார் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். நிற்கும் நேரத்தை அளக்கக் கருவி உண்டு. மெஷின் சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது அளந்து எழுதி வாங்குங்கள். இந்த ஒரு எண்ணைப் பிரஸ்வாரியாக எழுதி வைத்திருக்கும் ஆலைகள் மிகக் குறைவு.

அப்புறம் இரட்டைப் பட்டன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்பது அதன் நோக்கம். ஒன்றின் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள், அல்லது ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருப்பார்கள். நல்ல கன்ட்ரோலில் ஒரு பட்டனை அழுத்தியபடியே வைத்திருந்தால் அடுத்த ஸ்ட்ரோக் வராது. இது உங்கள் மெஷினில் உண்மையா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள்.

பிரிட்டனில் 1998 முதல் நடைமுறையில் உள்ள விதி ஒன்று எனக்குப் பிடிக்கும். பவர் பிரஸ்ஸில் டை மாற்றிய பிறகும், ஒவ்வொரு வேலை நேரத்தின் முதல் நான்கு மணிக்குள்ளும், இதற்கென்று நியமித்த ஒருவர் கார்டையும் மற்ற பாதுகாப்புச் சாதனங்களையும் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மெஷினை ஓட்டக் கூடாது. அது பிரிட்டன் விதிதான், ஆனால் நாம் எடுத்துக்கொள்வதற்கு யார் தடை? டையைப் பொருத்தும் டை செட்டரையே அந்த ஆளாக நியமிக்கலாம். 14 பிரஸ்ஸுக்கும் சேர்த்து ஷிஃப்ட்டுக்கு அரை மணி நேரம் போல ஆகும். முதலாளி அந்த அரை மணியைத்தான் முதலில் எதிர்ப்பார், தயாராக இருங்கள்.

கார்டைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் உடனே மெமோ கொடுக்காதீர்கள். ஆபரேட்டரிடம் ஒன்று கேளுங்கள்: “இதைப் போட்டு ஓட்டினால் ஒரு மணிக்கு எத்தனை பீஸ் குறையும்?” பெரும்பாலும் சரியான எண்ணைச் சொல்வார். மணிக்கு 400 பீஸ் வேண்டும் என்று டார்கெட் வைத்துவிட்டு, கார்டோடு 310தான் வரும் என்றால் கார்டைக் கழற்றியது ஆபரேட்டர் மட்டுமா? அந்த எண்ணை எழுதி வையுங்கள். கழற்றிய கார்டுகளின் எண்ணிக்கையும், ஒவ்வொன்றும் எதற்காகக் கழற்றப்பட்டது என்பதும் உங்களுக்குக் கிடைக்கும் தகவல்களிலேயே மதிப்பானவை. மெமோ கொடுத்தால் அடுத்த வாரம் நீங்கள் நடந்து வரும்போது மட்டும் கார்டு இருக்கும்.

மற்ற ஆறுக்கும் இதே பாணிதான், பார்த்து டிக் அடிக்காமல் இயக்கிப் பார்ப்பது. எமர்ஜென்சி பட்டன் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அழுத்தி மெஷின் நிற்கிறதா என்று பாருங்கள். கரன்ட் கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரில் டெஸ்ட் பட்டன் ஒன்று உண்டு, மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். கையில் பிடிக்கும் கிரைண்டர், டிரில் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லுங்கள். பவுடர் தீயணைப்பான் உருளையில் முள் பச்சையில் இருந்தால் அழுத்தம் இருக்கிறது, சரி. கார்பன் டை ஆக்ஸைடு உருளையில் முள்ளே கிடையாது, அதை எடை போட்டால்தான் தெரியும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். “முள் பச்சையில் உள்ளது” என்று அந்த உருளைக்கும் டிக் அடித்திருக்கும் செக்லிஸ்ட்டுகள் உண்டு. ஒரு செக்லிஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. மாதம் முழுதும் ஒரே பேனா, ஒரே சாய்வு, 30 நாளும் டிக், ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ஐந்தே கேள்வியுள்ள புதியது ஒன்றைப் போடுங்கள்.

கம்ப்ரசர் டேங்க், ஃபோர்க்லிஃப்ட், செயின் பிளாக் போன்றவற்றுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற தகுதியுள்ள நபரிடம் காலமுறைச் சோதனைச் சான்று வாங்க வேண்டும். அழுத்தக் கலனுக்கு வெளிச்சோதனை ஆறு மாதம், உட்சோதனை பன்னிரண்டு மாதம் என்பது பொதுவான நடைமுறை. வேலை சுலபம், தேதி தவறுவதுதான் பிரச்சினை. செல்போனில் நினைவூட்டல் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

உடனே ரத்தம் வராத காயங்களைக் கண்காணிப்பது கடினம், ஏனென்றால் அங்கே யாரும் அலறுவதில்லை. பிரஸ் ஷாப்பில் அது காது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரம்பு. ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் அனுமதி நேரம் பாதியாகும். 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் இன்னும் கடுமையானது, 85-ஐத்தான் வரம்பாகப் பரிந்துரைக்கிறது, 3 டெசிபலுக்கு ஒரு பாதி. 85-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 90 டெசிபலில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களில் கணிசமானவர்களுக்குக் காது போகும் என்பது தெரிந்த விஷயம். செல்போன் செயலி தோராயமாகச் சொல்லும். எங்கே மோசம் என்று வரைபடம் போட அது போதும், சட்டத்துக்குக் காட்ட அளவீடு செய்த கருவி வேண்டும். கருவியை ஆபீஸ் வாசலில் வைக்காதீர்கள், ஆபரேட்டரின் காதருகே வையுங்கள்.

வேலைக்குச் சேரும்போதே ஒரு கேட்கும் திறன் சோதனை, பிறகு வருடம் ஒன்று எடுங்கள். இரைச்சலால் வரும் பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாகத் தெரியும். பேச்சு கேட்பதில் குறை தெரிய ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும். சோதனையை ஷிஃப்ட் முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து தப்பாகக் காட்டும். காலையில் வேலைக்குப் போகும் முன் எடுங்கள். புதிய சட்டத் தொகுப்பு அரசு குறிப்பிடும் வயது, வகைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனை தரவேண்டும் என்கிறது, அதோடு இதையும் சேர்த்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம். முடிவுகளைப் பெயரோடு முதலாளியின் மேஜையில் வைக்காதீர்கள். “லைன் 2-இல் பத்துப் பேரில் நான்கு பேருக்குக் குறைந்திருக்கிறது” என்பது போதும். காது கெட்டவரை வேலையை விட்டு நிறுத்தினால் அடுத்த வருடம் யாரும் உண்மையாகச் சோதனைக்கு உட்கார மாட்டார்கள்.

பெயின்ட் பூத்தில் துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ போட்டிருந்தால் அது ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், அந்தக் கார்ட்ரிட்ஜுக்கும் ஆயுள் உண்டு. என்றைக்கு மாற்றினீர்கள் என்று அதன் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாகப் பெயின்ட் என்றால் அதில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும், அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அப்படிப்பட்ட பெயின்ட்டுக்குக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கைப் பெரிதாக நம்பக் கூடாது, வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்தான் சரி. ராத்திரியில் இருமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிம்மதி என்று பெயின்ட்டர் சொன்னால் அதை ஜலதோஷம் என்று விடாதீர்கள்.

எதை அளக்கிறோம் என்பதைப் போலவே எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு விசாகப்பட்டினத்தைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. 2020 மே 7 அதிகாலை எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் எம்-6 தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கால் ஆலை வாரக்கணக்கில் நின்றிருந்தது, ஆனால் தொட்டி நிரம்பியிருந்தது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு கண்டது இது: தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும்தான் வெப்பநிலை அளக்கப்பட்டது. மேல்பகுதியில் சூடு ஏறியதை யாரும் பார்க்கவில்லை. 2019 டிசம்பரில் குழாய் அமைப்பில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள், அதனால் உள்ளே திரவம் சரியாகக் கலக்காமல் போனது. பதிவேட்டில் ஒழுங்காக எண்கள் இருந்தன. அடியில் இருந்த குளிர்ந்த திரவத்தைப் பொறுத்தவரை அந்த எண்கள் சரிதான்.

உங்கள் ஆலையில் அப்படிப்பட்ட ரசாயனத் தொட்டி இல்லை, ஆனால் மாற்றம் தினமும் உண்டு. புது டை, புது ஆள், வேறு தடிமன் ஷீட், கான்ட்ராக்டர் மாறினார், இரவு ஷிஃப்ட் ஆரம்பித்தது. போன மாதம் வரை சரியாக இருந்த சோதனை இந்த மாதம் எதையும் பார்க்காமல் இருக்கலாம். ஏதாவது மாறும்போதெல்லாம் “நாம் பார்ப்பது இன்னமும் சரியான இடத்தைத்தானா” என்று கேட்கும் வழக்கம் வேண்டும்.

தகவல் எங்கிருந்து வரும்? ஆட்களிடமிருந்துதான். மயிரிழையில் தப்பியவற்றைச் சேகரிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆடிட்டர்களும் “நியர் மிஸ் ரிப்போர்ட் மாதம் எத்தனை” என்று கேட்பார்கள். இதற்குப் பின்னால் 1931-இல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹைன்ரிச் சொன்ன 1-29-300 பிரமிடு இருக்கிறது: ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயங்கள், 300 காயமில்லாத சம்பவங்கள் என்று. போஸ்டரில் பார்த்திருப்பீர்கள். அதை விகிதமாக நம்பாதீர்கள். கையில் சிராய்ப்பைக் குறைத்தால் மரணம் தானாகக் குறையும் என்பது அனுபவத்தில் சரியாக வருவதில்லை, இரண்டுக்கும் காரணங்கள் வேறு. ஆளைக் கொல்லக்கூடிய அந்த ஏழில் எதிலாவது தப்பியது என்றால் அது தங்கம். கதவில் இடித்துக்கொண்டது வேண்டாம்.

படிவம் கொடுத்து எழுதச் சொன்னால் வராது. உங்கள் ஆட்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்திருப்பார்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அவரவர் மொழியில் பேசி அனுப்பட்டும், ஒரு போட்டோ போதும். அவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் இல்லாமல் இரவு ஷிஃப்ட்டில் டீ நேரத்தில் போய் உட்கார்ந்து “இந்த வாரம் எதைப் பார்த்துப் பயந்தீங்க?” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். கேட்பதைவிட முக்கியம், சொன்னவருக்குப் பதில் போவது. “பார்த்தோம், வெள்ளிக்கிழமை சரிசெய்கிறோம்” அல்லது “இப்போது செய்ய முடியாது, காரணம் இது” என்று ஏதாவது ஒன்று. மூன்று தடவை சொல்லிப் பதில் வராதவர் நான்காவது தடவை சொல்ல மாட்டார்.

இங்கேதான் பெரும்பாலான கண்காணிப்பு செத்துப்போகிறது. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயுக் கசிவு யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. 1981 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையிடத்திலிருந்து ஒரு குழு வந்து ஆலையைச் சோதித்து, நச்சுப்பொருள் வெளியேறும் வாய்ப்பு உட்படக் குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. ஆனால் 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நிலைமை என்ன? மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்கான குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை நடுநிலையாக்கும் ஸ்க்ரப்பர் ஓடாமல் காத்திருப்பில் இருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் நிற்க வேண்டிய மூன்றும் ஒரே இரவில் இல்லை. மூன்றும் நிற்பது ஆலையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு நீள நோட்டு. சாஃப்ட்வேர் எல்லாம் பிறகு. என்ன குறை, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள், சரிசெய்ததை யார் போய்ப் பார்த்தது. இந்த நான்கில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். “வேலை முடிந்தது” என்று மெயின்டனன்ஸ் சொன்னதை வைத்து மூடாதீர்கள், நீங்களோ அந்த மெஷின் ஆபரேட்டரோ போய் இயக்கிப் பார்த்த பிறகு மூடுங்கள். வாரம் ஒரு நாள், 15 நிமிடம், முதலாளி அந்த நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் ஷாப் ஃப்ளோரில் நின்று. அவரிடம் காட்ட வேண்டியது ஒரே ஒரு எண்: 30 நாளைக்கு மேல் திறந்தே கிடக்கும் குறைகள் எத்தனை. அது கூடிக்கொண்டே போனால், பணமோ ஆளோ கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதை நீங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்புக் குழு ஒன்று இருந்தால் நல்லது. ஆபரேட்டர், டை செட்டர், எலக்ட்ரீஷியன், ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், பெண்கள் வேலை செய்தால் அவர்களில் ஒருவர். ஆலோசனை வேண்டுமானால் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்களை நீங்களாகவே அணுகலாம். இன்ஸ்பெக்டர் என்றாலே ஒளியும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, தேவையில்லாதது.

கடைசியாக, உங்கள் பட்டியலில் கண்டிப்பாக விடுபட்டிருக்கும் இரண்டு. ஒன்று, உங்கள் ஆள் அல்லாதவர்கள். மழைக்கு முன் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வரும் இரண்டு பேர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நேராக நடப்பார்கள். அந்த ஷீட் ஆளைத் தாங்காது. எட்டு மீட்டர் கீழே கான்கிரீட் தரை. 500 ரூபாய் கூலி பேசி ஏற்றியது உங்கள் ஸ்டோர் கீப்பராக இருக்கும், உங்களுக்குத் தகவலே வந்திருக்காது. கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே கதை: ஒருவர் இறங்கி மயங்குவார், காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார். கூரைக்கு ஏணி வைப்பதற்கும் தொட்டி மூடியைத் திறப்பதற்கும் உங்கள் கையெழுத்துள்ள சீட்டு வேண்டும் என்று கேட் செக்யூரிட்டியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏணியும் மூடியின் சாவியும் அவரிடம் இருக்கட்டும்.

இன்னொன்று, ஆயுத பூஜைக்கு மறுநாள். மெஷினைக் கழுவித் துடைத்து, கார்டையெல்லாம் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து, படம் எடுத்து, பொரி கொடுத்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். திரும்பி வரும்போது கார்டுகள் சுவரோரம் சாய்ந்திருக்கும், சென்சார் கண்ணாடியில் சந்தனம் காய்ந்திருக்கும், துடைத்த தின்னர் துணி மூலையில் கிடக்கும், ஆர்டர் மூன்று நாள் பின்தங்கியிருக்கும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்குப் பிறகும் இதேதான், கூடவே ஊருக்குப் போன பழைய ஆட்கள் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலை மட்டும் முதல் ஸ்ட்ரோக்குக்கு முன் 14 பிரஸ்ஸையும் நீங்களும் டை செட்டரும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை மெயின் பேனல் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.